வெளியே உட்காரச் சொன்னேன்

இத்தனை வருட வைத்தியத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி, உடம்புக்கு என்ன என்பதல்ல. "கூட யார் வந்திருக்காங்க?" என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் யாரும் தனியாக வருவதில்லை. வந்தாலும் முக்கியமான செய்தியை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் இல்லை. மாமியாரிடம் சொல்வோம், மகனிடம் சொல்வோம், அண்ணனிடம் சொல்வோம். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவோம். பிறகு கதவைத் திறந்து, "ஒண்ணும் இல்ல, சரியாயிடும்" என்று தோளைத் தட்டி அனுப்புவோம். இதை எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நானும் செய்தேன். ஜனங்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், எம்பையன் வெளிய கீறான், அவங்கிட்ட சொல்லிடுங்க" என்று நோயாளிகளே கேட்டிருக்கிறார்கள். அதில் பாசம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். தாங்க முடியாததை வேறொருவர் சுமந்துகொள்ளட்டும் என்கிற பாசம்.

அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணுக்குச் செய்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க டாக்டர். பேரு மட்டும் போட்டுடாதீங்க. எங்க கம்பெனி லைன்ல அல்லாரும் போன்லயே தான் படிச்சிகினு கீறாளுங்க" என்றாள். ஆகவே இதில் யாருக்கும் பெயர் இல்லை.

என் கிளினிக் என்பது இரண்டே அறைகள். ஒரகடத்திலிருந்து படப்பை போகும் சாலையில், கம்பெனி பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வெள்ளைப் பேருந்துகள் வரிசையாக வந்து நின்று, ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் என்னிடம் வருவார்கள். முதுகுவலி, கண் எரிச்சல், தூக்கமின்மை, இல்லையென்றால் லீவு போட ஒரு சீட்டு.

அவள் செல்போன் பாகங்களை ஒன்று சேர்க்கும் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பள்ளியில் படிக்கும்போதே அப்பா லாரி மோதி இறந்துவிட்டார். அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. அப்பாவின் இடத்தில் நின்றவர் தாய்மாமன். காது குத்தியது அவர் மடியில், பெரியவளானபோது சீர் கொண்டுவந்தவர் அவர், ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வல்லக்கோட்டைப் பக்கம் வீடு. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டும் காண்ட்ராக்ட் வைத்திருந்தார். காலையில் நானும் அவரும் சேர்ந்துதான் நடக்கப் போவோம். அவருடைய மகன் கார் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் இருந்தான். அவனுக்கும் இவளுக்கும் கல்யாணம் என்பது இரண்டு பேரும் டவுசர் போட்ட காலத்திலிருந்தே பேசி வைத்த விஷயம். முறைப்பையன், முறைப்பெண். அதில் பேச என்ன இருக்கிறது?

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் குறைவு என்று வந்தது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சரி செய்துவிடலாம் என்று மாமா என்னிடம் அழைத்து வந்தார். சிவப்பணுக்கள் சிறியவையாக இருந்தன. ஆனால் இரும்புச்சத்துக் குறைவில் வரும் மாதிரி இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. ரத்தத்தைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். தலசீமியா மரபணுவை அவள் ஒற்றையாகச் சுமக்கிறாள் என்று முடிவு வந்தது.

அது நோய் அல்ல. நம் எல்லோரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. அவளிடம் ஒன்று பழுது, மற்றது நன்றாக வேலை செய்கிறது. ரத்தம் கொஞ்சம் குறைவாகவும் முகம் வெளுப்பாகவும் இருக்கும், அவ்வளவுதான். நூறு வயது வாழலாம். கட்டிக்கொள்கிறவனும் இதே பழுதைச் சுமந்தால்தான் கவலை. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும், நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு இரண்டு பிரதியுமே பழுதாகப் போய்ச் சேரும் வாய்ப்பு இருக்கிறது. அந்தக் குழந்தைதான் நோயாளி.

முடிவு வந்த அன்று அவளும் மாமாவும் வந்தார்கள். நான் அவளைப் பார்த்து, "நீ வெளியே உக்காரும்மா" என்றேன். அவள் எழுந்து போனாள். கதவை ஒட்டி எடை பார்க்கும் மெஷின் இருந்தது. நான் உள்ளே பேசிய நேரம் முழுவதும் அவள் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரும்புத் தட்டு லொடக் லொடக் என்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.

மாமாவிடம் நான் சொன்னதில் விஞ்ஞானப்படி ஒரு தவறும் இல்லை. எல்லாம் சொன்னேன். அவர் கடைசியில் கேட்டார்:

"டாக்டரே, பேரப் புள்ளைங்களுக்கு வருமா வராதா, அத சொல்லுங்க."

"வரலாம். உங்க பையனுக்கும் ஒருதரம் ரத்தம் பாத்துட்டா தெளிவாயிடும்."

"எம்பையனுக்கு எதுக்கு? அவன் எருமை மாறி கீறான். கோளாறு பொண்ணுக்குத் தான?"

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது வானத்திலிருந்து வரவில்லை. ஒன்று, இறந்துபோன அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். அல்லது அம்மாவிடமிருந்து. அம்மாவிடமிருந்து என்றால், அம்மாவோடு ஒரே வயிற்றில் பிறந்த இந்த மனிதரிடமும் இருக்கலாம். அவர் மகனிடமும் இருக்கலாம். கல்லூரியில் வட்டமும் சதுரமும் போட்டு வம்சப் படம் வரையக் கற்றவன் நான். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு போட வேண்டும். என் பெற்றோருக்கும் இரட்டைக் கோடுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் இருந்தவர் கோவில் காரியங்களுக்கு முன்னால் நிற்கிறவர், காலையில் என்னோடு நடக்கிறவர், அந்தக் குடும்பத்தையே தாங்குகிறவர். "உங்க ரத்தத்தை முதல்ல பாக்கணும்" என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். பயம்கூட இல்லை, கூச்சம்.

அவர் எழுந்தார். "அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டரே. அப்பன் இல்லாத பொண்ணு, பயந்துக்கும். நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"சரி" என்றேன். கதவைத் திறந்தேன். அவள் மெஷினிலிருந்து அவசரமாக இறங்கினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் ரத்தம் கம்மி. கீரை நிறைய சாப்பிடு."

"மாத்திர வாணாவா டாக்டர்?"

"வேணாம்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாத்திரையிலிருந்து தப்பித்த சிரிப்பு.

கல்யாணம் நின்றது. எங்கள் பக்கத்தில் முறைப்பெண்ணை வேண்டாம் என்று சொன்னால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மாமா ஒரு காரணம் சொன்னார். பெண் நைட் ஷிஃப்ட் போகிறாளாம், கம்பெனி ஹாஸ்டலில் தோழிகளோடு தங்குகிறாளாம், தன் வீட்டுக்கு அது ஒத்துவராதாம். எதிரில் இருக்கும் டீக்கடையில் என் காதுபட இதைப் பேசினார்கள். "கம்பெனி பொண்ணுங்கள இன்னாத்த சொல்றது" என்று ஒருவர் ஆரம்பித்தார். அங்கேயே இருந்தேன், டீயைக் குடித்து முடித்தேன். மாமா ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டார், பெண்ணின் ரத்தத்தைப் பற்றி ஊரில் பேச்சு வரவில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. ரத்தத்துக்குப் பதிலாக அவள் நடத்தையை ஊர் வாய்க்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது. காலை நடையை நாங்கள் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் வரவில்லை. கூட வேலை செய்யும் தூத்துக்குடிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். கம்பெனி பேருந்தில் பழக்கமாம். சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். மாமனின் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வருடங்கள் போயின. எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது, கிளினிக்கைக் காலையில் மட்டும் திறப்பது என்று சுருக்கிக்கொண்டேன். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்து நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் மட்டும் அதே வெளுப்பு.

"டாக்டர், என்ன தெரிதா?"

தெரிந்தது. அவள் உட்காருவதற்குள் என் வாயிலிருந்து பழைய கேள்வி தானாக வந்தது. "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"வூட்டுக்காரரு. வண்டிய நிழல்ல போட்டுகினு கீறாரு. கூப்புடவா?"

"இரு. நீ முதல்ல சொல்லு."

மூன்றாவது மாதம் தொடங்கியிருந்தது. காட்டப் போன ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஏறவில்லை. "எனக்கு எப்பவுமே இப்டி தான், சின்னதுலயே டாக்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாருன்னு அங்க சொன்னேன் டாக்டர். நீங்க தான சொன்னீங்க? அதான், உங்ககிட்டயே ஒருவாட்டி காட்டிட்டுப் போலாம்னு."

நான் சொன்ன வார்த்தையை அவள் அத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்தாள். போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறாள். அதை நம்பி, அவளை வேறு யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

மாமா பக்குவமாகச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று. உறுதியாயிற்று என்று எழுதுகிறேன். உள்ளுக்குள் எனக்கு அது முன்பே தெரியும்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை, பாதியில் தண்ணீர் குடித்தேன். அன்று லேபிலிருந்து என்ன வந்தது, யாரிடம் சொன்னேன், யாரிடம் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாமாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். ரத்தம் என்னுது, எனக்குத் தெரியாது." துப்பட்டாவைக் கையிலிருந்து விட்டாள். "நைட் ஷிஃப்டுன்னு சொன்னாங்க டாக்டர். எங்கம்மா என் கம்பெனி ஷூவத் தூக்கி தெருவுல கடாசிச்சி. இந்த ஷூ தான் உன் வாழ்க்கய கெடுத்துச்சின்னு. நான் போயி பொறுக்கிகினு வந்து மறுநாளு அதயே மாட்டிகினு போனேன்."

நான் மேஜையில் கிடந்த சீட்டுகளை அடுக்கினேன்.

"கீர சாப்புடுன்னு சொன்னீங்க. வருஷக்கணக்கா முருங்கக்கீர. இப்ப எனக்கு அந்த வாசனயே ஆவாது." சிரிக்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி. அத வுடுங்க. இப்ப இதுக்கு இன்னா?" என்று வயிற்றில் கை வைத்தாள்.

கணவனுக்கும் அந்தப் பழுது இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து என்று சொன்னேன். ஆபத்து என்றால் என்ன என்று கேட்டாள். அதையும் மறைக்கவில்லை. நான் பார்த்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அதற்கு ஓடியாட முடியும். ஏற்றிய மறுநாள் பள்ளிக்குக் குதித்துக்கொண்டு போகும், நாட்கள் போகப் போகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதன் அம்மாவும் அப்பாவும் நல்லவர்கள், ஆரோக்கியமானவர்கள், இரண்டு பேருக்கும் முன்கூட்டித் தெரியாது.

"நாங்க சொந்தம் இல்லியே டாக்டர். அவரு எங்கயோ தூத்துக்குடி. அப்ப வராதில்ல?"

"சொந்தத்துல இருந்தா வாய்ப்பு அதிகம். சொந்தம் இல்லன்னா வரவே வராதுன்னு சொல்ல முடியாது. அவர் ரத்தத்தைப் பாத்தாதான் தெரியும்."

"அவருக்கும் இருந்தா?"

"வயித்துல இருக்கும்போதே குழந்தையைப் பாக்க முடியும். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பாத்துட்டு, என்ன செய்யறதுன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணணும்."

"நீங்க இன்னா சொல்வீங்க?"

"அதுல நான் சொல்லக்கூடாதும்மா."

"ஆமா. சொல்ல வேண்டியதயே நீங்க சொல்ல மாட்டீங்க" என்றாள். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது வேண்டியதுதான்.

கணவனை அழைத்து நானே விளக்கட்டுமா என்று கேட்டேன். "வாணாம். என் வாயால சொல்றேன்" என்று எழுந்து போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, ஆனாலும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் பைக், அதன் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் எதிரில் நின்று பேசினாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தான். ஒரு கம்பெனி பேருந்து வந்து நடுவில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பேருந்து நகர்ந்தபோது பைக் மட்டும் இருந்தது, இரண்டு பேரையும் காணோம். ஒரு கல்யாணத்தை வாய்மூடிக் கெடுத்தேன், இன்னொன்றை வாய்திறந்து கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். அவன் கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். வாழைக்காய் பஜ்ஜி.

"இவ ஒண்ணுமே திங்காம வந்திருக்கா சார், அதான் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றான். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் கையை என் மேஜை மேல் நீட்டினான். "எடுங்க சார். எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. உனக்கு ஒடம்புல ரத்தமே கெடயாதுல, பூராவும் கருப்பட்டித் தண்ணிதான்னு எங்கம்ம சொல்லுவாவ. அது நெசமான்னு பாத்திரலாம்."

"இந்தாளு இப்டி தான் டாக்டர். எல்லாத்துக்கும் காமெடி" என்றாள் அவள். குரலில் எரிச்சல் மாதிரி இருந்தது, ஆனால் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ரத்தம் எடுத்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு சார். எங்கம்மைக்கு இது தெரியவேண்டாம். தெரிஞ்சா அடுத்த ரயிலப் புடிச்சு வந்து நிப்பாவ. இவளப் போட்டு வறுத்துருவாவ."

"உங்க ரெண்டு பேரையும் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அவர்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுடைய அம்மாவின் ரத்தத்தையும் பார்த்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெரியும் என்று சொல்லியிருந்தேன். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசித்து, மறுநாளே அழைத்து வந்தாள். அம்மா கேன்டீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். "எனக்கு எதுக்கு டாக்டர் ஊசி? புள்ள பெத்துக்கற வயசா?" என்று மூக்கைச் சுளித்தார். மகள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபிலிருந்து முடிவுகள் வரச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நான் நடக்கப் போகவில்லை. கால் வலி என்று மாமாவிடம் போனில் சொன்னேன். அதுவும் ஒரு பொய்.

முடிவு வந்த அன்று மூவரும் வந்தார்கள். அவளும் அவனும் முதல் ஷிஃப்டுக்குத் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிடுவேன் என்றேன்.

"பள்ளிக்கூடத்துல மார்க்கு சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றான் அவன். அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவனிடம் அந்தப் பழுது இல்லை. அதைச் சொன்னதும் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தான். எழுந்து கதவைத் திறந்து, "ஏ புள்ள! எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்தினான்.

அவள் எடை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"மெய்யாலுமா டாக்டர்?"

ஒண்ணும் இல்லை என்ற சொல்லை இனி என் அறையிலிருந்து அவள் நம்ப மாட்டாள். அவன் அனுமதியோடு அந்தத் தாளை அவளிடமே கொடுத்தேன். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், அது எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று காட்டினேன். விரலை வைத்து வாசித்தாள், இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் எடை மெஷின் மேல் ஏறி நின்றான்.

அடுத்து உள்ளே வந்த அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தது. "எங்கிட்டேர்ந்தா?" என்று கேட்டார். ஆமாம், ஆனால் அது யாரும் தெரிந்து கொடுப்பதில்லை, உங்களுக்கும் உங்கள் அம்மாவோ அப்பாவோ கொடுத்ததுதான் என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. வெளியே வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு அந்த ஷூவ..." என்று தொடங்கினார், மேலே வரவில்லை.

"வுடும்மா. பழைய ஷூ தான் அது" என்றாள் மகள், அம்மாவின் தொப்பியைச் சரி செய்துகொண்டே.

அவர்கள் கிளம்பும்போது நான் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவிடம் இருப்பதால் மாமாவிடம் இருக்கலாம், அவர் மகனிடமும் இருக்கலாம். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான், இன்னும் குழந்தை இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இவர்கள் ரத்தத்தைப் பற்றிய செய்தியை இவர்கள் சம்மதம் இல்லாமல் நான் அவனிடம் கொண்டுபோக முடியாது.

"நீங்க சரின்னு சொன்னா நான் மாமாகிட்ட பேசறேன்" என்றேன்.

"நீங்க மாமாகிட்ட பேசினது போதும்" என்றாள். கணவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்கள வேணாம்னு சொன்னவங்கதான்..." என்று அம்மா இழுத்தார். அவள் கொஞ்ச நேரம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்து, "உன் பேர சொல்லலாமா?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டினார். மாமா மகனின் எண்ணை அம்மாவின் போனிலிருந்து எடுத்து அழுத்தினாள்.

"ஹலோ. நான் தான். போன வெச்சிடாத... இல்ல, துட்டு எல்லாம் கேக்கல, மூடு. உன் உடம்ப பத்தி ஒரு விஷயம். பக்கத்துல யாரு கீறாங்க?... சூப்பர்வைசரா? அப்ப தள்ளி வா. உன் பொண்டாட்டிகிட்ட, மாமாகிட்ட யாருகிட்ட சொல்றதுன்னு நீயே அப்பால முடிவு பண்ணிக்கோ. இப்ப நீ தனியா கேளு... வந்துட்டியா?"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் மாமா வந்தார். முன் மாதிரி நேராக உள்ளே வரவில்லை. பெஞ்சில், மற்ற நோயாளிகளோடு, தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"பையன் வந்து எங்கிட்ட சண்ட போட்டான் டாக்டரே. அந்தப் பொண்ணு மேல நான் போட்ட பழிய நான் எங்க போயி கழுவுறது?"

"நானும் அதே இடத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். ரத்தம் எடுத்தேன். அவர் ரத்தத்தில் என்ன வந்தது, அவர் மகன் ரத்தத்தில் என்ன வந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் என்னை எழுதச் சொல்லவில்லை. மாமா ஒரு தட்டு பழத்தோடு சேரப்பணஞ்சேரி வீட்டுக்குப் போனார் என்பதை மட்டும் எழுதலாம் என்று அவள் சொன்னாள். "வாசல்லயே நின்னாரு டாக்டர். உள்ள வாங்கன்னு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சி. அப்பறம் சொன்னேன்."

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தடுப்பூசிக்கு எல்லாம் வேறு இடத்துக்குத்தான் போகிறாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன வாரம், சாலையில் போகிற வழியில் என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எடை பார்க்க வேண்டுமாம்.

"குழந்தை மெஷின் எங்கிட்ட இல்லையேம்மா."

"அட, நான் கொயந்தயோட ஏர்றேன். அப்பால தனியா ஏர்றேன். கழிச்சா வந்துடப் போவுது. நீங்க இன்னா டாக்டருக்குப் படிச்சீங்க?"

முதலில் குழந்தையோடு ஏறினாள். தட்டு அதே மாதிரி லொடக் என்றது. இறங்கி, குழந்தையை என்னிடம் நீட்டினாள். என் கை நடுங்கும், அதனால் உட்கார்ந்துகொண்டு வாங்கினேன். நல்ல கனம். அது என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டது.

"இவளுக்கும் அது இருக்குமா டாக்டர்?"

"பாதிக்குப் பாதி இருக்கலாம். இருந்தாலும் உன்னை மாதிரிதான், ஒரு நோயும் கிடையாது. வேணும்னா இப்பவே பாக்கலாம். இல்ல, பெரியவளான பிறகும் பாக்கலாம்."

மறுபடியும் மெஷின் மேல் ஏறி நின்று யோசித்தாள். "இப்ப வாணாம். எதுக்கு? யாராவது ஒருத்தர் வாயில வுழுந்து ஊரு சுத்தும். அவ பெரியவளாயி அவளே வந்து கேக்கட்டும். நான் மறக்காம சொல்லி வெக்கறேன்."

அப்போது நான் இருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியும். குழந்தை பேனாவை இழுத்து எடுத்துவிட்டது. விழுங்கிவிடாமல் மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, பேனாவை அதன் கையிலேயே விட்டுவிட்டேன்.

"டாக்டர், பாத்துச் சொல்லுங்க. எனக்கு எவ்ளோ காட்டுது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, அதில் இருந்ததை அவளிடம் சொன்னேன்.